வெள்ளி மலைக்கு ஒரு பஸ் டிக்கெட்!

'நீ ஒரு பொட்டோசி பெறுவே!'

ஸ்பானிஷ் பேசுறவங்க யாராவது உங்களைப் பார்த்து இப்படிச் சொன்னா தாராளமா காலரைத் தூக்கி விட்டுக்கலாம். 'உனக்கு விலையே கிடையாது'ன்னு அர்த்தம். பொட்டோசிங்கிறது ரத்தினமோ, ராணியோ இல்லீங்க. ஒரு ஊர்! 1615-ல் வெளிவந்த 'டான் கிஹோட்டே' நாவலோட இரண்டாம் பாகத்துலயே அந்த ஊர்ச் சுரங்கத்தைப் பத்தி ஒரு வரி வருது. அப்பவே அந்தளவுக்கு ஃபேமஸ்.

இப்ப அந்த ஊர் இருக்கிறது தென் அமெரிக்காவுல, பொலிவியா நாட்டுல. அந்தக் கண்டத்தோட ஏழை நாடுகள்ல ஒண்ணு பொலிவியா. அதுலயும் ஏழைப்பட்ட மாநிலங்கள்ல ஒண்ணு பொட்டோசி. 'விலைமதிப்பில்லாதது'ங்கிறதுக்கு உவமையா நிக்கிற ஊர் எப்படிங்க ஓட்டாண்டி ஆச்சு? இந்தக் கேள்விதான் ரெண்டு வாரமா என்னைக் காலேஜ் லைப்ரரியிலேயே உட்கார வெச்சது. நேர்ல போய்ட்டு வந்தியான்னு கேட்காதீங்க. என் பாக்கெட் மணிக்கு அடுத்த ஊர் போறதே பெரிய விஷயம். மேப், புத்தகம், கொஞ்சம் கால்குலேட்டர்... இதை வெச்சுத்தான் இந்த டூர். வாங்க, ஏறுங்க!

முதல்ல மேப்பை விரிங்க. தென் அமெரிக்காவுல ஒன்பது நாட்டுல ஸ்பானிஷ். ஆனா, கண்டத்துல கிட்டத்தட்ட பாதியை அடைச்சுக்கிட்டு இருக்கிற பிரேசில்ல மட்டும் போர்ச்சுகீஸ். ஏன் தெரியுமா? 1494-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் டோர்டெசில்லாஸ்ங்கிற ஊர்ல உட்கார்ந்து அட்லாண்டிக் கடல் நடுவுல ஒரு கோடு கிழிச்சாங்க. கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தூரத்துல வடக்கு தெற்கா ஒரே நேர்கோடு. கோட்டுக்கு மேற்கே உனக்கு, கிழக்கே எனக்கு! அங்கே வாழ்ந்தவங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. பிரேசிலோட கிழக்குப் பகுதி கோட்டுக்கு இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருந்ததால 1500-ல் அது போர்ச்சுகலுக்குப் போச்சு. பிறகு அவங்க மெல்ல மெல்லக் கோட்டைத் தாண்டி உள்ளே போனது தனிக் கதை. கோட்டுக்கு மேற்கே, ஆண்டிஸ் மலைத்தொடர் ஸ்பெயின் பங்கு.

லா பாஸ் நகரத்துல ராத்திரி பஸ் ஏறினா, விடியக்காலையில பொட்டோசி. வழி பூரா 'அல்ட்டிப்ளானோ'. ஆண்டிஸ் மலை ரெண்டாப் பிரிஞ்சு நடுவுல விட்டுவெச்ச மொட்டை மாடி மாதிரியான மேட்டு நிலம் அது. மரம் அபூர்வம். இச்சுன்னு ஒரு முரட்டுப் புல்லும், அதை மேயற லாமாக்களும்தான் கண்ணுக்குத் தெரியும். ஊர் இருக்கிற உயரம் 4,000 மீட்டருக்கும் மேல. நம்ம லடாக்கின் லே நகரமே 3,500 மீட்டர்தான். இந்த உயரத்துல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல அறுபது சதவிகிதம் சொச்சம். ஸ்டீம் டேபிளைப் புரட்டினேன்... தண்ணி 87 டிகிரிக்குள்ளயே கொதிச்சுடும். பருப்பு வேகாது, பாஸ்! புதுசாப் போறவங்களுக்குத் தலை கிறுகிறுன்னு சுத்தும். உள்ளூர்க்காரங்க கோக்கா இலையில டீ போட்டுத் தருவாங்க.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் கண்ணுல படறது அந்த மலைதான். செர்ரோ ரிக்கோ. தமிழ்ல சொன்னா, பணக்கார மலை. ஸ்கூல் பையன் வரைஞ்ச மாதிரி அச்சு அசல் கூம்பு, செம்மண் நிறம். உயரம் சுமார் 4,800 மீட்டர். டியேகோ ஹுவால்பாங்கிற உள்ளூர் மனுஷர் 1545-ல் இங்கே வெள்ளியைக் கண்டுபிடிச்சார்னு சொல்றாங்க. அடுத்த சில வருஷத்துல, ஒரு பயிரும் சரியா விளையாத அந்தக் குளிர்ல பெரிய ஊரே முளைச்சிடுச்சு. 1600-களோட தொடக்கத்துல மக்கள் தொகை சுமார் 1,60,000. அன்னிக்கு ஐரோப்பாவுல இதைவிடப் பெரிய நகரங்களை விரல்விட்டு எண்ணிடலாம்.

இதுவரைக்கும் எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. என்னைப் பிடிச்சு நிறுத்தினது அதுக்கு அடுத்த விஷயம். முதல் இருபத்தஞ்சு வருஷம் இந்த வெள்ளியை உருக்கினது யார்? ஸ்பெயின்காரங்களா? இல்லை! ஆண்டிஸ் மக்கள்!

அவங்ககிட்ட 'குவய்ரா'ன்னு ஒரு உலை இருந்தது. கெச்சுவா மொழியில காத்துன்னு அர்த்தம். ஆள் உயரத்துக்கும் குறைவான களிமண் உலை, சுத்தி ஓட்டை ஓட்டையா இருக்கும். அதை மலைச் சரிவுல காத்தடிக்கிற இடமாப் பார்த்து வெச்சுடுவாங்க. இச்சுப் புல்லும் லாமாச் சாணமும்தான் எரிபொருள். துருத்தியே வேண்டாம், மலைக்காத்தே ஊதிவிடும். ஆக்சிஜன் கம்மியான அந்த உயரத்துல ஐரோப்பியத் துருத்தி உலை சரியா வேலை செய்யலை. குவய்ரா பின்னி எடுத்தது! ஆயிரக்கணக்கான உலைங்க மலைச் சரிவுல ராத்திரி ஜொலிக்கும்னு அந்தக் காலத்துல பார்த்தவங்க எழுதிவெச்சிருக்காங்க. மலை ஸ்பெயின் முதலாளியோடது. ஆனா மண்ணை வெள்ளியாக்குற வித்தை இவங்க கையில. அதனால முதலாளி இவங்ககிட்ட பேரம் பேசித்தான் ஆகணும். வெள்ளியில ஒரு பங்கு இவங்க கைக்கே வந்தது. எங்க மெட்டலர்ஜி புத்தகத்துல இந்த உலைக்கு ஒரு வரிகூடக் கிடையாதுங்கிறது என் தனிப்பட்ட வருத்தம்.

அப்புறம் நல்ல தாது தீர்ந்துச்சு. மிச்சம் இருந்த மட்டமான தாதுவுல குவய்ரா வெள்ளி பிரிக்கலை. அங்கேதான் கெமிஸ்ட்ரி வில்லனா என்ட்ரி!

மெக்ஸிகோவுல பார்த்தலோமே தெ மெதினாங்கிறவர் 1550-களோட நடுவுல ஒரு முறையைக் கொண்டுவந்தார். தாதுவை மாவா அரைச்சு, உப்பு, பாதரசம், கொஞ்சம் செம்பு உப்பு எல்லாம் சேர்த்துத் தண்ணி விட்டுப் பிசையணும். தாதுல இருக்கிற வெள்ளி மெதுவாப் பிரிஞ்சு பாதரசத்தோட ஒட்டிக்கும். சேற்றைக் கழுவிட்டு, மிஞ்சினதைத் துணியில வெச்சுப் பிழிஞ்சு, சூடு பண்ணினா பாதரசம் ஆவியாப் போயிடும். வெள்ளி மட்டும் நிக்கும். அந்த ஆவியை சுவாசிச்சவங்களுக்கு கை கால் நடுங்கி, பல் கொட்டி, கடைசியில உயிரே போகும்.

1570-களோட தொடக்கத்துல இந்த முறை பொட்டோசிக்கு வந்துச்சு. கொண்டுவரச் செஞ்சவர் பெருவின் வைஸ்ராய் ஃபிரான்சிஸ்கோ தெ டொலேடோ. இதுக்கு என்னவெல்லாம் வேணும்னு பாருங்க. பெருவுல இருக்கிற ஹுவாங்கவெலிக்காச் சுரங்கத்துலேருந்து பாதரசம் வரணும். அது அரசாங்கத்தோட ஏகபோகம். தாதுவை அரைக்க வாட்டர் வீல் வெச்ச மில் வேணும். மில்லுக்கு வருஷம் பூரா தண்ணி வேணும். ஸோ... மலை மேல அணை கட்டினாங்க! 22 ஏரிகள், அங்கேருந்து கால்வாய், கால்வாய் ஓரமா 140 மில்கள்னு கணக்கு சொல்லுது யுனெஸ்கோ. 4,000 மீட்டருக்கு மேல, டீசலும் கரன்ட்டும் இல்லாத காலத்துல! சிவில் பசங்க எழுந்து நின்னு கைதட்டலாம். ஆனா, 1626-ல் அதுல ஒரு அணை உடைஞ்சு ஊருக்குள்ள வெள்ளம் பாஞ்சதையும் சேர்த்துப் படிங்க.

களிமண் உலையை யார் வேணா வெச்சுக்கலாம். மில்லும் அணையும் பணமுள்ளவன்தான் வெச்சுக்க முடியும். டெக்னாலஜி மாறின கொஞ்ச வருஷத்துலயே உருக்குற தொழில் ஆண்டிஸ் மக்கள் கையை விட்டுப் போயிடுச்சு. நேத்து வரைக்கும் பேரம் பேசினவங்க, இன்னிக்கு வெறும் கூலி. கூலிகூடச் சரியா இல்லை. அந்தக் கதைக்குப் பேர் 'மீட்டா'.

மீட்டா இன்கா காலத்துப் பழக்கம். ராஜ்ஜியத்துக்காக முறை வெச்சு எல்லாரும் கொஞ்ச நாள் உழைக்கணும். பதிலுக்கு ராஜ்ஜியம் சாப்பாடு போடும், கஷ்ட காலத்துல களஞ்சியத்தைத் திறக்கும். டொலேடோ அந்தப் பேரை மட்டும் எடுத்துக்கிட்டு, பதிலுக்குக் கொடுக்கிறதை விட்டுட்டார். பதினாறு மாகாணங்கள்லேருந்து ஏழுல ஒரு ஆம்பளை, வருஷத்துக்கு சுமார் 13,500 பேர், பொட்டோசிக்கு வந்தே ஆகணும். பெண்டாட்டி, பிள்ளை, லாமா, மூட்டை முடிச்சோட வாரக்கணக்குல நடந்து வந்தாங்க. ஒரு வாரம் சுரங்கம், ரெண்டு வாரம் ஓய்வுங்கிறது சட்டம். அரசு கொடுத்த கூலி சாப்பாட்டுக்கே பத்தாததால 'ஓய்வு' வாரத்துலயும் கூலி வேலை பார்த்தாங்க. 1590-ல் வெளியான ஹோசே தெ அக்கோஸ்டா பாதிரியாரோட புத்தகத்துல வேலை எப்படி நடந்ததுன்னு இருக்கு. கட்டை விரல்ல மெழுகுவத்தியைக் கட்டிக்கிட்டு, முதுகுல இருபது கிலோவுக்கு மேல தாதுவைச் சுமந்துக்கிட்டு, தோல் வார் ஏணியில இருட்டுக்குள்ள ஏறி வந்திருக்காங்க. ஊருக்குத் திரும்பினா திரும்பவும் பேர் வரும்னு பயந்து நிறைய பேர் வேற ஊருக்கு ஓடிப்போனாங்க. கிராமம் கிராமமாக் காலியாச்சு.

இங்கே ஒரு நிமிஷம். 'பொட்டோசியில 80 லட்சம் பேர் செத்தாங்க'ன்னு நிறைய இடத்துல எழுதியிருப்பாங்க. கால்குலேட்டரை எடுத்தேன். வருஷத்துக்கு 13,500 பேர். மீட்டாவை ஸ்பெயின் சட்டப்படி ஒழிச்சது 1812-ல், ஆக கிட்டத்தட்ட 240 வருஷம். பெருக்கினா சுமார் 32 லட்சம். வந்தவங்க ஒருத்தர் விடாம செத்திருந்தாலும் அவ்வளவுதான். இதைத் தவிர கூலிக்கு வந்தவங்களும் இருந்தாங்கதான். ஆனாலும் 80 லட்சம் ஓவர். பெரியம்மை மாதிரி கொள்ளைநோயில ஆண்டிஸ் முழுக்கச் செத்தவங்களையும் மலை கணக்குலயே எழுதிட்டாங்கன்னு நினைக்கிறேன். அதனால கொடுமை குறைஞ்சிடாது. நடந்ததே போதும், ஊத வேண்டியதில்லை.

சரி, வெள்ளி எங்கே போச்சு? அஞ்சுல ஒரு பங்கு ராஜாவுக்கு வரி. லாமா முதுகுல ஏறி அரிக்கா துறைமுகம், கப்பல்ல பனாமா, கழுதை மேல நிலத்தைக் கடந்து அட்லாண்டிக் கரை, அங்கேருந்து ஸ்பெயினின் செவில் நகரம். ஊர்லயே நாணயச்சாலை வெச்சு எட்டு ரியால் காசும் அடிச்சாங்க. உலகம் முழுக்கச் செல்லுபடியான முதல் கரன்சி அதுன்னு சொல்லலாம். அமெரிக்காவுல 1857 வரைக்கும்கூட அந்த ஸ்பானிஷ் டாலர் சட்டப்படி செல்லும்!

ஆனா ஸ்பெயின் உருப்பட்டுச்சான்னு கேட்டா, அதான் இல்லை. ஹாஸ்டல்ல எல்லார் பாக்கெட்லயும் திடீர்னு ஆயிரம் ரூபாய் வந்து, மெஸ்ல அதே அம்பது முட்டை தோசைதான்னா என்ன ஆகும்? தோசை விலை எகிறும். அதேதான். பதினாறாம் நூற்றாண்டுல ஸ்பெயின்ல விலைவாசி சுமார் நாலு மடங்கு ஏறினதாக் கணக்கு. துணி நெய்யறதை விட வாங்குறது சுலபம்னு வெளிநாட்டுலேருந்து இறக்கினாங்க. சண்டை மேல சண்டை போட்டு, வர வேண்டிய வெள்ளியைக் காட்டிக் கடன் வாங்கினாங்க. ராஜா ரெண்டாம் ஃபிலிப் 1557, 1560, 1575, 1596-னு நாலு தடவை 'கடனைக் கட்ட முடியாது'ன்னு கையை விரிச்சார். உலகத்துலயே பெரிய வெள்ளி மலையை வெச்சுக்கிட்டு நாலு அரியர்!

கோட்டுக்கு இந்தப் பக்கம் போர்ச்சுகலும் இதே பாடத்துல ஃபெயில். பிரேசிலோட மினாஸ் ஜெராய்ஸ்ல 1690-கள்ல தங்கம் கிடைச்சது. 1703-ல் இங்கிலாந்தோட ஒப்பந்தம்; எங்க ஒயினை நீ வாங்கு, உன் துணியை நான் வாங்குறேன். ஒயினை வித்த காசு துணிக்குப் பத்தலை. மிச்சத்துக்கு பிரேசில் தங்கம் லண்டனுக்குக் கப்பலேறிச்சு.

வெள்ளியும் ஸ்பெயின்ல நிக்கலை. பட்டுக்கும் பீங்கானுக்கும் சைனாவுக்குப் போச்சு; அகாபுல்கோவுலேருந்து மணிலாவுக்கு 1565 முதல் 1815 வரைக்கும் அதுக்குன்னே கப்பல் ஓடிச்சு. நம்ம சோழமண்டலக் கரைக்கும் வந்தது. டச்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் இங்கே துணி வாங்க வந்தப்போ, அவங்க சரக்கு எதுவும் நமக்குத் தேவைப்படலை. வெள்ளியைக் கொட்டித்தான் வாங்கினாங்க. அதுல பெரும்பகுதி அமெரிக்கக் கண்டத்து வெள்ளி. பொட்டோசிச் சுரங்கத் தொழிலாளி சாப்பிட்டது என்ன தெரியுமா? உருளைக்கிழங்கை ராத்திரிப் பனியில உறைய வெச்சு, மிதிச்சு, வெயில்ல காயவெச்ச 'சூன்யோ'. உருளைக்கிழங்குக்குச் சொந்த ஊரே அந்த ஆண்டிஸ்தான். மெஸ்ல தினம் போடறாங்களே, அதோட தாத்தா!

1825-ல் ஸ்பெயின்கிட்டேருந்து விடுதலை. அந்த வருஷம் அக்டோபர்ல சிமோன் பொலிவார் இந்த மலை உச்சியிலயே ஏறி நின்னார். நாட்டுக்கும் அவர் பேரையே வெச்சாங்க. கொடி மாறிச்சு, மலை வெட்டுறது நிக்கலை. வெள்ளி குறைஞ்சதும் தகரம். சிலியோட 1879-ல் ஆரம்பிச்ச போர்ல பொலிவியா கடற்கரையையே இழந்துச்சு. அப்புறம் எதை வெட்டினாலும் அடுத்த நாட்டுத் துறைமுகம் வழியாத்தான் வெளியே போகணும். கடலே இல்லாத பொலிவியாவுக்கு இன்னிக்கும் கடற்படை இருக்கு. டிடிகாக்கா ஏரியில படகு ஓட்டுறாங்க! 1952 புரட்சியில பெரிய சுரங்கங்கள் அரசுடைமை. 1985-ல் தகரத்தோட விலை சரிஞ்சு, ஆயிரமாயிரம் பேருக்கு வேலை போச்சு. அவங்கள்ல பலர் கூட்டுறவுச் சங்கமாச் சேர்ந்து திரும்பவும் அதே மலைக்குள்ளதான் போனாங்க.

இப்பவும் போறாங்க. துத்தநாகம், ஈயம், கொஞ்சம் வெள்ளி. சுரங்கத்துக்குள்ள கொம்பு வெச்ச ஒரு சிலை உட்கார்ந்திருக்கும். பேர் 'எல் தியோ', அதாவது மாமா! வெளியே கடவுள் ஆட்சி, பூமிக்குள்ள மாமா ஆட்சி. அவர் வாயில சிகரெட்டைப் பத்தவெச்சு, கோக்கா இலை தூவி, சாராயம் ஊத்திட்டுத்தான் வேலை ஆரம்பிக்கும். டூரிஸ்ட்டுங்களையும் உள்ளே கூட்டிட்டுப் போறாங்க. போற வழியில தொழிலாளிகளுக்குப் பரிசாக் கோக்கா இலையும் கூல்டிரிங்ஸும் வாங்கித் தர்றது வழக்கம். தூசி நுரையீரல்ல படிஞ்சு வர்ற சிலிகோசிஸ் அங்கே வீட்டுக்கு வீடு தெரிஞ்ச வார்த்தை. அந்த இருட்டுல மூச்சு வாங்க உழைக்கிறவரை ஃபோட்டோ எடுக்கிறது சரியா? நான் போனா கேமராவை வெளியிலயே வெச்சுட்டுப் போவேன். மலையும் களைச்சிடுச்சு. 2011-ல் உச்சியில பெருசா ஒரு பள்ளம் உள்வாங்கிச்சு. 1987-ல் உலக பாரம்பரியச் சின்னமான ஊரை, 2014-ல் யுனெஸ்கோ 'ஆபத்துல இருக்கு' பட்டியல்ல சேர்த்துச்சு. கூம்போட முனையே கரைஞ்சா, பொலிவியா தன் சின்னத்துல வரைஞ்சு வெச்சிருக்கிற மலை எது?

இந்த டூர்ல இன்னொரு பஸ் பாக்கி இருக்கு. பொட்டோசியிலேருந்து நாலு மணி நேரம், சுமார் 200 கிலோமீட்டர். ஊர் பேர் உயூனி. அதே மாநிலம்தான். பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல வெள்ளை வெளேர்னு உப்பு. உலகத்துலயே பெரிய உப்புப் பாலைவனம். அந்த உப்புக்கு அடியில இருக்கிற உவர்நீர்லதான் நம்ம செல்போன் பேட்டரிக்கும் எலெக்ட்ரிக் பைக்குக்கும் வேண்டிய லித்தியம் கிடக்கு. அமெரிக்க நிலவியல் துறைக் கணக்குப்படி பொலிவியாவுல இருக்கிறது 2 கோடி டன்னுக்கு மேல. உலகத்துலயே பெரிய இருப்புகள்ல அதுவும் ஒண்ணு.

இருக்கு, ஆனா எடுக்க வரலை. பக்கத்து நாடான சிலியில உவர்நீரைப் பாத்தி கட்டி வெயில்ல காயவிட்டே லித்தியம் எடுக்கிறாங்க. உயூனியில மழையும் ஜாஸ்தி, தண்ணியில மெக்னீசியமும் ஜாஸ்தி. பிரிக்கிறது பெரும்பாடு. குவய்ரா உலையில வெள்ளி பிரியாமப் போன அதே கட்டம்! ஒரு ஜெர்மன் கம்பெனியோட போட்ட ஒப்பந்தத்துல எங்க மாநிலத்துக்குப் பங்கு கம்மின்னு 2019-ல் பொட்டோசி மக்கள் தெருவுல இறங்கினாங்க. அந்த நவம்பர்ல அரசு ஒப்பந்தத்தை ரத்து பண்ணிச்சு. 2023 டிசம்பர்ல வருஷத்துக்கு 15,000 டன் லித்தியம் கார்பனேட் திறனோட அரசே ஆலை திறந்துச்சு. 2024-ல் அதுக்குக் கிட்டத்துலகூட உற்பத்தி வரலை. காயவைக்காம நேரடியாப் பிரிக்கிற புது டெக்னாலஜியோட ரஷ்ய, சீன கம்பெனிகள் வந்தாங்க, 2024-ல் கையெழுத்தும் போட்டாங்க. 'எங்க தண்ணி என்னாகும்? எங்களை யாரு கேட்டீங்க?'ன்னு உப்பு வெளியைச் சுத்தியிருக்கிற கிராமத்துக்காரங்க கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. 1494-ல் கேட்கப்படாத கேள்வி இது.

எங்க காலேஜ்ல கெமிக்கல் படிக்கிற ஒரு அக்காகிட்ட இதைச் சொன்னேன். 'மெக்னீசியத்தைச் சீப்பாப் பிரிக்கிற வழி அந்த ஊர் யுனிவர்சிட்டிக்கே கிடைச்சா எப்படி இருக்கும்!'னாங்க. பொட்டோசியில யுனிவர்சிட்டி இருக்கு. உவர்நீரும் இருக்கு.

போறவங்களுக்கு ஒரு டிப்ஸ். ஜனவரி, பிப்ரவரியில போங்க. மழைத் தண்ணி உப்பு மேல மெல்லிசா நின்னு, வானம் அப்படியே காலுக்குக் கீழே தெரியும். டூரிஸ்ட்டுக்குக் கொண்டாட்டம்தான். லித்தியம் பாத்தியில நிக்கிற இன்ஜினீயருக்கு அதே மழைதான் தலைவலி. ஸ்வெட்டரும் கூலிங் கிளாஸும் மறக்காதீங்க!